புழுதியில் உறங்கும் உயிர்

யாழ்ப்பாணத்திலிருந்து தீவுகளை ஊடறுத்து வரும் தெரு, புங்குடுதீவின் குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிவடைகின்றது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் அங்கிருந்தே படகேறுதல் வேண்டும். கோடையில் அவ்வழியே செல்வோர், தீவுப்பகுதிக் குளங்கள் வற்றி அடிமண் வெடித்துக் கிடக்கக் காண்பர். அம்மண்ணில் உயிர் உண்டு என்றால் நம்புவார் சிலரே. ஆயினும் மாரி பிறந்து குளம் நிறைந்தபின், அந்நீரின் ஒரு துளியை நுணுக்குக்காட்டியிற் பார்த்தால், கண்ணாடி போன்ற உடலும் தலையிற் சுழலும் சில்லுமாகச் சிற்றுயிர்கள் நீந்துவதைக் காணலாம். சில்லுத் தாங்கிகள் எனப் பொருள்படும் ரொட்டிபெரா என்ற பெயரால் விஞ்ஞானிகள் இவற்றை வழங்குவர்.

உண்மையில் அங்கே சில்லு எதுவும் சுழல்வதில்லை. தலையைச் சூழ்ந்த நுண்ணிய பிசிர்கள், காற்றில் நெற்பயிர் அலையலையாய்ச் சாய்வதுபோல், ஒன்றன்பின் ஒன்றாக அசைகின்றன. அதுவே சுழற்சியாகத் தோன்றுகின்றது. அவ்வசைவு எழுப்பும் நீரோட்டத்தில் பாசித்துகள்களும் பற்றீரியாக்களும் வாய்க்குள் வந்து சேரும். இவற்றுட் பெரும்பாலானவை அரை மில்லிமீற்றர் நீளமும் இல்லாதவை. உடலில் ஏறத்தாழ 1000 கலங்களே உண்டு. எனினும் மூளை, தாடை, இரைப்பை யாவும் அதனுள் அடங்கியுள்ளன. மீன்குஞ்சுகள் பலவற்றுக்கு முதல் உணவு இவையே.

நீர் வற்றும்போது இவை என்ன செய்கின்றன? ஒரு பிரிவில், நல்ல காலத்தில் பெண்ணுயிர்களே ஆணின்றிப் பெருகும். காலம் மாறும் அறிகுறி தோன்றியதும் ஆண்கள் பிறக்கும். அதன்பின் உண்டாகும் தடித்த ஓடுடைய முட்டைகள் சேற்றிற் புதைந்து, ஆண்டுகள் பல சென்றாலும் மழைக்குக் காத்திருக்கும். மற்றொரு பிரிவில் ஆண் கண்டறியப்படவே இல்லை. அவை தம் உடலையே சுருக்கி உலர்ந்து, புழுதியோடு புழுதியாகக் கிடக்கும்.

இவ்வியல்பை முதலிற் கண்டவர் ஒல்லாந்து தேசத்து டெல்ப்ட் நகரில் வாழ்ந்த லீவன்ஹூக் என்பவர். ஒல்லாந்தர் நெடுந்தீவுக்குச் சூட்டிய பெயரும் அந்நகரின் பெயரே. 1702ஆம் ஆண்டில் அவர், கூரைப் பீலியில் உலர்ந்து கிடந்த வண்டலில் நீர் வார்த்தார். சிறிது நேரத்தில் அதிலிருந்த சிற்றுயிர்கள் அசைந்து நீந்தலாயின. சைபீரிய உறைமண்ணில் ஏறத்தாழ 24,000 ஆண்டுகள் உறைந்திருந்த இத்தகைய உயிர், மீண்டும் உயிர்த்து இனம்பெருக்கியதாக 2021இல் உருசிய ஆய்வாளர் அறிவித்தனர்.

ஆகவே, வற்றிய குளத்தைச் செத்த குளம் என்று எண்ணுதல் தவறு. அதன் அடிமண் அடுத்த மாரிக்கென இயற்கை சேமித்து வைத்த விதைநெல். குப்பை கொட்டி அதனை மூடுவோர், வெறும் பள்ளத்தை நிரப்புவதாகவே நினைக்கின்றனர். மழை வந்து எழுப்பவேண்டிய உயிர்களும் அக்குப்பையின் கீழே புதைந்துபோகின்றன.