ராடு ஆடுதா? எந்தப் பக்கம் ஆடுதுன்னு பாருங்க!

நம் தோட்டப் பையன்கள் பலருக்கு இப்போது பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள்மேல் ஆசை பிறந்திருக்கிறது. அப்பாவோ மாமாவோ பெரட்டுக்குப் போய்வந்த வண்டி, கோழிக்கூண்டு ஓரமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. அதைக் கழுவித் துடைத்து மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும் என்கிறார்கள். நல்ல ஆசைதான். கெப்பாலா பத்தாஸ் பக்கம் பெர்த்தாம் தோட்ட நிலத்தில் இன்று பண்டார் புத்ரா பெர்த்தாம் வீடுகள் நிற்கின்றன. மரம் போனது, லயம் போனது, வண்டியாவது மிஞ்சட்டுமே.

ஆனால் ஆசையோடு பணமும் போகிறது. 1985-இல் நம் நாட்டில் வெளிவந்து 2011 வரை விற்ற யமஹா ஆர்.எக்ஸ்.இசட். வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று அதன் பழைய வண்டிக்கே புது வண்டி விலை கேட்கிறார்கள். அதன் கிராங்க்கைப் பிரித்துக் கட்டுவது சில்லறைச் செலவல்ல. பட்டறையில் பிஸ்டனைக் கழற்றியதும் ராடைப் பிடித்து இப்படியும் அப்படியும் அசைத்துக் காட்டுவார்கள். "பாத்தீங்களாண்ணே, எப்படி ஆடுது! மாத்திடணும்." நாமும் தலையாட்டிவிட்டு முன்பணம் கொடுத்துவிட்டு வருகிறோம். எந்தப் பக்கம் ஆடியது என்று கேட்டோமா?

பக்கவாட்டில் ஆடுவது குற்றமில்லை. ராடின் அடிப்பக்கத்துக்கும் கிராங்க் தட்டுக்கும் நடுவே இடைவெளி வேண்டுமென்றே விடப்பட்டிருக்கிறது. சின்ன யமஹா எஞ்சின்களில் அது சுமார் கால் மில்லிமீட்டரிலிருந்து முக்கால் மில்லிமீட்டர் வரை இருக்கும். பீலர் கேஜ் தகட்டைச் சொருகி அளந்துவிடலாம். ராடின் மேல் முனை இடம் வலமாகச் சாய்வதற்கும் ஒரு வரம்பு உண்டு: யமஹாவில் பொதுவாக 2 மி.மீ., சுசுக்கியில் 3 மி.மீ. உங்கள் வண்டிக்கான சர்வீஸ் புத்தகம் சொல்வதே முடிவான கணக்கு.

மேலும் கீழும் ஆடுவதுதான் ஆபத்து. ராடை உச்சிக்குக் கொண்டுவந்து, கிராங்க் சுற்றாதபடி பிடித்துக்கொண்டு, நேராக மேலே இழுத்துக் கீழே அழுத்துங்கள். விரலுக்கு 'டக்' என்று ஒரு தட்டுத் தெரிந்தால் அடி பேரிங் தேய்ந்துவிட்டது. அதற்கு மேல் பேச்சில்லை, மாற்றத்தான் வேண்டும்.

டூ ஸ்ட்ரோக்குக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவனம்? 1950-களின் கடைசியில் பினாங்கு லோ பூன் சியூ கொண்டுவந்த ஹோண்டா கப் வண்டியில் கிராங்க்குக்கு அடியிலேயே எண்ணெய் நிற்கும். டூ ஸ்ட்ரோக்கில் அப்படி இல்லை. பெட்ரோலோடு கலந்து வரும் கொஞ்சம் எண்ணெய்தான் கிராங்க் பேரிங்குக்குக் கிடைக்கும் சாப்பாடு. அதை நம்பித்தான் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றுகிறது.

இப்போது கிராங்க்கின் இரண்டு பக்கமும் உள்ள பெரிய பேரிங்குக்கு வருவோம். புது பேரிங் என்றால் ஆட்டமே இருக்கக்கூடாது என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே கொஞ்சம் தளர்வு இருந்தே ஆக வேண்டும். 20 மி.மீ. துளையுள்ள சாதாரண பேரிங்கில் அது 0.005-லிருந்து 0.020 மி.மீ. வரை. 'சி3' என்று பொறித்த பேரிங்கில் 0.013-லிருந்து 0.028 வரை. நம் தலைமுடி ஏறக்குறைய 0.07 மி.மீ. தடிப்பு. அதில் பாதிகூட இல்லாத இடைவெளிக்கா இத்தனை பேச்சு என்று கேட்கலாம். பேரிங்கைத் தண்டில் இறுக்கி ஏற்றும்போது உள்வளையம் விரிகிறது. கேசிங்கில் இறுக்கி இறக்கும்போது வெளிவளையம் சுருங்குகிறது. ஓடும்போது உள்வளையம் அதிகம் சூடாகி இன்னும் விரிகிறது. இவ்வளவும் அந்தத் தளர்வைத்தான் தின்கின்றன. புத்தகம் சி3 கேட்கும் இடத்தில் சாதாரண பேரிங் போட்டால், கடையில் வைத்துச் சுற்றும்போது வழவழவென்று அழகாகத்தான் இருக்கும். பட்டர்வொர்த் சாலையில் சூடேறியதும் இறுகிவிடும். கிராங்க் இறுகினால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். பின்னால் லாரி வந்தால் என்ன ஆகும் என்று எழுதத் தேவையில்லை. வண்டி திடீரென்று இழுத்துப் பிடித்தால் அந்த நொடியே கிளட்சை அமுக்குங்கள், சக்கரம் விடுபடும்.

பேரிங்கைச் சுத்தியலால் அடித்து இறக்கும் பட்டறைக்கு வண்டியைக் கொடுக்காதீர்கள். பெட்ரோல் வாடை போகக் கழுவிய கேசிங்கை அவனில் 100 டிகிரிக்குச் சூடாக்கி, பேரிங்கைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்து எடுத்தால், அலுமினியம் விரிந்து பேரிங் தானாக உள்ளே உட்காரும். (வீட்டு அவனைக் கேட்காமல் எடுத்தால் வரும் சண்டைக்கு நாம் பொறுப்பில்லை.) கிராங்க் முனையில் ஓங்கி அடிப்பது அதைவிட மோசம். இரண்டு தட்டுகளையும் பின்னில் அழுத்திச் சேர்த்ததுதான் கிராங்க். ஒரே அடியில் கோணிப்போகும். யமஹா பொறுக்கும் கோணல் பொதுவாக 0.03 மி.மீ.தான். அதை டயல் கேஜில் சுற்றிப் பார்த்துத்தான் நிமிர்த்த முடியும். ராடு மாற்றும் வேலைக்கு பிரஸ்ஸும் டயல் கேஜும் உள்ள லேத் பட்டறைதான் சரி; வீட்டுத் திண்ணையில் ஆகாது.

கேசிங் இரண்டையும் மூடி முறுக்கியதும் கிராங்க்கைக் கையால் சுற்றச் சொல்லிப் பாருங்கள். தடையில்லாமல் சுற்ற வேண்டும். கொஞ்சம் கனத்தால், மெத்தென்ற சுத்தியால் முனையில் லேசாகத் தட்டினால் பேரிங் தன் இடத்தில் அமர்ந்து இளகும். அப்போதும் இளகவில்லையா, மறுபடி பிரிக்க வேண்டியதுதான். எண்ணெய் சீலையும் அதே கையோடு புதிதாகப் போட்டுவிடுங்கள். பழைய சீல் காற்றை உள்ளே விட்டால் பெட்ரோலும் எண்ணெயும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்.

வண்டியை எடுக்கப் போகும்போது பழைய ராடையும் பேரிங்கையும் கேட்டுக் கையோடு வாங்கி வாருங்கள். புது பேரிங் வந்த பெட்டியையும் கேளுங்கள். நம்பருக்குப் பின்னால் சி3 இருக்கிறதா என்று அங்கேயே நின்று பார்த்துவிட்டு, பிறகு மீதி வெள்ளியைக் கொடுங்கள்.