கப்பலை நிறுக்கும் உத்தியோகம்

இந்தோனேஷியாவிலிருந்து 70,000 டன் நிலக்கரியைச் சுமந்துகொண்டு தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்து நிற்கும் கப்பலைக் காண்கிறவர்களுக்கு, அதன் பிரம்மாண்டமும் கிரேன்களின் ஆரவாரமும் கண்ணில் படுமேயன்றி, அந்த 70,000 டன் என்ற கணக்கை யார், எந்தத் தராசில் போட்டுச் சொன்னார் என்ற கேள்வி சாமான்யமாக எழுவதில்லை. லாரிக்கு 20 டன் வீதம் எடைமேடையில் ஏற்றிப் பார்ப்பதென்றால் 3,500 தடவை ஏற்றியாக வேண்டும். வியாபாரத்துக்கு அத்தனை பொறுமை கிடையாது. ஆகவே கப்பல் மிதக்கும் நீரையே தராசாகக் கொண்டு, சரக்கின் எடையைக் கணித்துச் சொல்லுவதற்கென்றே ஓர் உத்தியோகம் ஏற்பட்டிருக்கிறது. அதைச் செய்பவரைத் துறைமுகங்களில் டிராப்ட் சர்வேயர் என்று அழைக்கிறார்கள்.

யானையை ஓடத்தில் ஏற்றி, நீர் நின்ற இடத்தில் கோடிட்டு, பிறகு அதே கோடு வரும்வரை கற்களை நிரப்பி எடை கண்ட கதையை நாம் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான எடையுள்ள நீரையே விலக்குகிறது என்ற ஆர்க்கிமிடீஸின் தத்துவமே அந்தக் கதைக்கும் இந்த உத்தியோகத்துக்கும் ஆதாரம். ஆனால் கதையில் ஒரு கோடு போதுமானதாயிருந்தது. சர்வேயருக்கோ ஆறு கோடுகள் வேண்டும். முன்பகுதியாகிய அணியம், நடுப்பகுதி, பின்பகுதியாகிய அமரம் ஆகிய மூன்றிடங்களிலும், இடப்புறமும் வலப்புறமுமாக, கப்பலின் உடலில் பொறித்திருக்கும் ஆழ எண்களை அவர் படிக்கிறார். எண்ணின் அடிவிளிம்பே அளவைக் குறிக்கும் என்பது விதி. கரையை ஒட்டிய பக்கத்தைப் படிப்பது எளிது. கடலை நோக்கிய பக்கத்துக்குப் படகிலோ, கயிற்றேணியிலோ தொங்கிக்கொண்டுதான் போகவேண்டும். அலை ஏறியிறங்கிக் கொண்டிருக்கையில், உச்சத்தையும் தாழ்வையும் பலமுறை பார்த்துச் சராசரி காண்பதற்கு அனுபவமுள்ள கண் தேவைப்படுகிறது. 225 மீட்டர் நீளமும் 32 மீட்டர் அகலமும் உள்ள கப்பல் ஒரே ஒரு சென்டிமீட்டர் தாழ்வதற்குச் சுமார் 65 டன் வேண்டும். கண் ஒரு சென்டிமீட்டர் தவறினால் மூன்று லாரி நிலக்கரி கணக்கில் கூடவோ குறையவோ செய்யும்.

அத்துடன், எஃகினால் ஆனதாயினும் கப்பல் முற்றிலும் விறைப்பான பொருளன்று. சரக்கு அமைந்திருக்கும் விதத்துக்கேற்ப நடுப்பகுதி தொய்வதும் உண்டு, மேலே வளைவதும் உண்டு. எனவே நடுப்பகுதியின் அளவை ஆறு மடங்காக்கி, அதனுடன் முன்னளவையும் பின்னளவையும் ஒவ்வொரு முறை கூட்டி, எட்டால் வகுத்துச் சராசரி எடுக்கிறார்கள். அந்தச் சராசரிக்கு உரிய எடையைக் கப்பல் கட்டியவர்கள் தயாரித்துக் கொடுத்த அட்டவணை சொல்லிவிடும்.

இனிமேல்தான் விசேஷம். அட்டவணை பெரும்பாலும் கன அடர்த்தி 1.025 உள்ள கடல்நீரை வைத்தே எழுதப்பட்டது. ஹூக்ளி ஆற்றங்கரையிலுள்ள ஹால்தியாவைப் போன்ற துறைமுகத்தில், வற்றும் பெருக்கும் மாறமாற நீரின் உப்புத்தன்மையும் மாறும். நன்னீரின் அடர்த்தி 1.000 தான். உப்புக் குறையக் குறைய அதே கப்பல் கூடுதலாக அமிழும். ஆதலால் சர்வேயர் பல ஆழங்களில் நீர் எடுத்து, கண்ணாடி ஹைட்ரோமீட்டரை மிதக்கவிட்டு அடர்த்தியை அறிகிறார். 85,000 டன் நீரை விலக்கும் கப்பலில், அடர்த்தி 0.001 மாறினாலே கணக்கு 80 டன்னுக்கு மேல் நகர்ந்துவிடும். 1876-ல் பிரிட்டனில் சாமுவேல் பிளிம்சாலின் முயற்சியால் சட்டமாகிய, கப்பல் எதுவரை அமிழலாம் என்று காட்டும் பாரக்குறியிலும், கடல்நீருக்கு ஒரு கோடும் நன்னீருக்கு மற்றொரு கோடுமாகப் பிற்காலத்தில் வகுக்கப்பட்டிருப்பது இந்த வித்தியாசத்தை முன்னிட்டேயாகும்.

இவ்வாறு கிடைத்தது கப்பலின் மொத்த எடை. அதிலிருந்து வெறுங்கப்பலின் எடை, எரிபொருள், குடிநீர், நிலைப்படுத்துவதற்காக ஏற்றிய பல்லாஸ்ட் நீர் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். ஒவ்வொரு தொட்டியிலும் பித்தளைக் குண்டு கட்டிய நாடாவை இறக்கி ஆழம் பார்க்கிறார்கள். அப்படியும் ஒரு மிச்சம் தங்கிவிடுகிறது. வருஷக்கணக்காகப் பூசிய வண்ணத்தின் அடுக்குகள், தொட்டிகளின் அடியில் படிந்த சேறு, பழைய கயிறுகள், உதிரிச் சாமான்கள் ஆகிய இவற்றையெல்லாம் சேர்த்து ‘கான்ஸ்டன்ட்’ என்று ஒரு தலைப்பில் எழுதிவைக்கிறார்கள். மாறாதது என்று பெயரே தவிர, கப்பலுக்கு வயது ஏற ஏற அதுவும் ஏறும். என் அபிப்பிராயத்தில், இந்தக் கணக்கிலேயே மிகவும் சந்தேகத்துக்குரிய எண் இதுதான். ஆகையால்தான் சரக்கு இறக்குவதற்கு முன் ஒருமுறையும், இறக்கியபின் ஒருமுறையும் அளந்து, இரண்டின் வித்தியாசத்தையே சரக்கின் எடையாகக் கொள்ளுகிறார்கள். இரு முறையும் ஒரே மிச்சம் இருப்பதால் அது தானே கழிந்துபோகிறது.

இவ்வளவு செய்தும் அரை சதவீதம் வரை பிழை இருக்கலாம் என்று இத்தொழிலில் ஒப்புக்கொள்ளுகிறார்கள். 70,000 டன்னுக்கு அது 350 டன். வாங்குபவரும் விற்பவரும் கப்பல்காரரும் தங்கள் தங்கள் சார்பில் சர்வேயரை அமர்த்துவது வழக்கமாயிருப்பதற்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டியதில்லை. கப்பலின் சீஃப் ஆபீசரும் உடனிருந்து அளவுகளைப் படித்துக் கையெழுத்திடுகிறார். இத்தகைய சர்வேயர்களை அனுப்பும் நிறுவனங்களில், இன்று எஸ்.ஜி.எஸ். என்று உலகெங்கும் பெயர்பெற்றிருக்கும் பரிசோதனை நிறுவனம், 1878-ல் பிரான்ஸ் தேசத்து ரூவான் நகரில் தானியச் சரக்குகளைச் சோதிப்பதற்காகத் தோன்றியதே.

கப்பலில் அதிகாரியாயிருந்து கரையேறியவர்கள் பலர் இதில் ஈடுபட்டிருக்கிறார்கள். பௌதிகமும் கணிதமும் படித்த இளைஞர்களும் மூத்தவர் ஒருவரோடு கப்பல் கப்பலாக ஏறிப் பழகி இதற்குள் வருகிறார்கள். கப்பல் தாமதித்து நின்றால் நாளொன்றுக்கு இவ்வளவு என்று நஷ்டஈடு ஏறும் ஆதலால், கடைசி மண்வெட்டி நிலக்கரி நள்ளிரவில் இறங்கினால் சர்வேயரும் நள்ளிரவிலேயே டார்ச் விளக்குடன் ஏணியில் இறங்கியாக வேண்டும்.