கறுத்த நீரும் வெளிறிய முகமும்

புத்தளம் களப்பின் ஓரமாகக் கற்பிட்டி நோக்கிப் பயணஞ் செய்வோர் உப்பளங்களின் வெண்மையைக் கண்டு மகிழாதிரார். ஆனால் இக்கரையிலே சில பத்தாண்டுகளுக்கு முன்வரை வேறொரு வெண்மையும் இருந்தது. அது மனிதர் முகத்திற் படர்ந்த வெளிறல். மலேரியாக் காய்ச்சல் செங்குழியங்களை உடைத்து உடைத்து ஊராரைச் சோகை பிடித்தவராக்கி வைத்திருந்தது. 1934-35இல் இலங்கை முழுவதும் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டுபோன கொள்ளைநோய் அதுவே.

அந்நோயை விரட்டவந்த மருந்தே சிலருக்குச் சோகையைத் தந்தது என்றால் நேயர்கள் வியப்படையலாம். குளிர்காய்ச்சல் தணிந்த பின்னும் ஒருவகை மலேரியாக் கிருமி ஈரலிலே உறங்கிக் கிடந்து, மாதங்கள் கழித்து மீண்டும் எழும். அதனை அங்கேயே அழிக்க வழங்கப்படுவது பிரைமாகுயின். பெரும்பாலார் அதனை 14 நாள் உட்கொண்டு நலமடைவர். ஒரு சிலருக்கோ இரண்டு மூன்று நாளில் சிறுநீர் கடுந்தேநீர் போலக் கறுக்கும்; கண் மஞ்சளாகும்; மூச்சு வாங்கும்.

இதன் காரணத்தை அறியச் செங்குழியத்தின் வாழ்வைச் சற்று நோக்குவோம். அதன் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். அதற்குக் கரு இல்லை. ஆகவே தேய்ந்ததைப் புதிதாக ஆக்கிக்கொள்ளும் வலியும் இல்லை. ஒட்சிசனைச் சுமப்பது அதன் தொழில். சுமக்கும் ஒட்சிசனே அதனை அரிக்கவும் வல்லது. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும் அதுவன்றோ? இத்துருவைத் தடுக்கும் காவற்பொருள் குளூட்டதயோன் எனப்படும். மூன்று அமினோ அமிலங்கள் கோத்த இச்சிறு பொருளுக்கு 1921இல் பெயரிட்டவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹொப்கின்ஸ். அரிப்பைத் தான் ஏற்று அது செலவாகிவிடும். செலவானதைப் பழைய நிலைக்கு மீட்பதற்கு வேண்டிய ஆற்றலைத் தருவது ஜி6பிடி என்னும் நொதியம். அந்நொதியம் குன்றியவரிடத்தில் காவல் விரைவில் தீர்ந்துபோகும். ஈமோகுளோபின் திரிந்து, குழியம் வெடித்துச் சிதறும். குளூட்டதயோனை ஆக்கும் நொதியமே பிறவியிற் குறைவுபட்டவரும் உளர்; எனினும் அவர்கள் மிக மிக அரியர். ஜி6பிடி குறைபாடு உடையோரோ உலகில் 40 கோடி பேர் என மதிப்பிடுவர். இலங்கையிலும் அது உண்டு.

இவ்வுண்மை வெளிப்பட்ட கதை பெருமைக்குரியதன்று. அமெரிக்காவில் இல்லினோய்ச் சிறையொன்றின் கைதிகளுக்கு மலேரியாவை ஊட்டி மருந்துகளைச் சோதித்தனர். கறுப்பினக் கைதிகள் சிலருக்குப் பிரைமாகுயினால் இரத்தம் உடைவதைக் கண்டு ஆராய்ந்து, 1956இல் ஜி6பிடி குறைவே காரணம் என வெளியிட்டனர். பயன் உலகிற்கு, துன்பம் அவர்களுக்கு.

மலேரியா நெடுங்காலம் வாட்டிய நாடுகளிலேதான் இக்குறைபாடு மிகுதி என்பதும் கருதத்தக்கது. குறையுள்ள குழியத்தில் கிருமி செழிப்பதில்லை என்பர். ஒரு நோய்க்குக் கேடயமாக வந்தது, அந்நோயின் மருந்துக்கு இலக்காகிவிட்டது!

குறைபாடு எக்ஸ் நிறமூர்த்தத்தின் வழியே வருவதால் பெரும்பாலும் ஆண்மக்களையே தாக்கும். தாய் நலமாக இருந்தே மகனுக்கு அதனைக் கொடுத்துவிடக்கூடும். தாய்மாமனுக்கு இப்படி நேர்ந்ததுண்டா என வைத்தியர் வினவினால், அது வீண்கேள்வி என எண்ணவேண்டாம்.

மருந்து மட்டுமா? துணிப்பெட்டியில் இடும் நப்தலீன் உருண்டையும் பகையே. பெட்டியிற் கிடந்த துணியை எடுத்துத் துவையாமற் பச்சிளங் குழந்தைக்குப் போர்த்துவது நம் வீடுகளில் வழக்கம். அதன் மணமே சில குழந்தைகளின் இரத்தத்தை உடைக்கப் போதும். அரபு நாடுகளிலே குழந்தையின் உடலில் மருதோன்றி பூசியதால் இரத்தம் உடைந்த செய்திகளும் மருத்துவ நூல்களில் உள்ளன. பிறந்த சில நாளில் மஞ்சள் பெருகினால், இளவெயிலிற் காட்டினாற் போதும் என்றிருத்தல் தகாது. மிகுந்த மஞ்சள் மூளையைக் கெடுக்கும். மத்தியதரைக் கடல் நாட்டாருக்குப் பெருந்தீங்கு செய்யும் பாக்கலா மொச்சையை நம்மவர் அதிகம் உண்பதில்லை. நம் கொடி அவரை வேறு இனம். அதனை அஞ்ச வேண்டுவதில்லை.

இலங்கையில் 1963இல் 17 நோயாளிகளே எஞ்சினர், கவலை தளர்ந்தது, சில ஆண்டுகளிலேயே மலேரியா பல்லாயிரவரைத் தாக்கி மீண்டது. உள்நாட்டிற் பரவிய கடைசி நோயாளி 2012இல் காணப்பட்டார். 2016 செப்தெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே அயல் மாவட்டமான மன்னாரில், இந்தியாவில் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்தெபன்சி நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது. வெளிநாடு சென்று திரும்புவோருடன் காய்ச்சலும் வரக்கூடும். அப்போது பிரைமாகுயினும் வரும்.

அதனை உட்கொள்ளுமுன் ஜி6பிடி சோதனை செய்வித்தல் நன்று. ஆனால் ஒன்று: இரத்தம் உடைந்த வேளையிலே சோதித்தால் குறை தெரியாமற் போகலாம். முதிய குழியங்கள் அழிந்து, நொதியம் மிக்க இளங்குழியங்களே அப்போது எஞ்சியிருக்கும். மூன்று மாதம் கழித்து மறுபடியும் பார்க்கவேண்டும்.