இலவசக் கப்பல் பயணமும் கடைசி நாள் பில்லும்

டீலர்களை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வது எமது வியாபார உலகுக்குப் புதிய விடயமல்ல. வருட இலக்கை எட்டினால் பாங்கொக், இன்னும் கொஞ்சம் தூக்கினால் சிங்கப்பூர் என்று கம்பனிகள் ஆசை காட்டுவதும், நாமும் டிசம்பர் மாதத்தில் தேவைக்கு அதிகமாகச் சரக்கை எடுத்துக் களஞ்சியத்தில் அடுக்குவதும் வழமைதான். இப்போது அந்தப் பட்டியலில் உல்லாசக் கப்பலும் சேர்ந்திருக்கிறது. சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, போர்ட் கிளாங் அல்லது புக்கட் பார்த்துவிட்டு மீண்டும் சிங்கப்பூரிலேயே இறங்கும் மூன்று, நான்கு இரவுப் பயணங்கள். டிக்கெட் கம்பனியின் செலவு. அறை, சாப்பாடு, மேடை நிகழ்ச்சிகள், நீச்சல் தடாகம் எல்லாம் டிக்கெட்டுக்குள் அடக்கம்.

"எல்லாம் ஃப்ரீதானே நானா, கைச்செலவுக்கு நூறு டொலர் போதாதா?" என்று சென்ற மாதம் ஒரு இளம் ஹார்ட்வெயார் வியாபாரி என்னிடம் கேட்டார். மனைவி, இரண்டு பிள்ளைகளுடன் போகிறார். இவ்வாறான ஒரு பயணத்தில் நானும் குடும்பத்தோடு போய் வந்தவன் என்பதால் அவருக்கு ஒரு தாளில் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். அதையே இங்கு கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். ஏனெனில் எங்களோடு வந்த ஒருவர் (பெயர் வேண்டாம்) கடைசி நாள் காலையில் கையில் எடுத்த பில் ஆயிரத்து நூறு டொலருக்கு மேல். அந்த மாதம் அவர் ஒரு சப்ளையருக்குக் கொடுத்திருந்த செக்கைப் பத்து நாள் பிந்திப் போடும்படி கெஞ்ச வேண்டியதாயிற்று. இலவசப் பயணம் போனவரின் நிலை இது.

முதலில் கப்பல்காரர்களின் வியாபாரத்தை விளங்கிக்கொள்ள வேண்டும். நாமும் வியாபாரிகள், இது எமக்குச் சுலபமாக விளங்கும். ரோயல் கரீபியன் குழுமத்தின் 2023ஆம் ஆண்டுக் கணக்கறிக்கையில் மொத்த வருமானம் ஏறக்குறைய 1,390 கோடி டொலர். அதில் டிக்கெட் மூலம் வந்தது 957 கோடி. மீதி 433 கோடியும் 'கப்பலுக்குள் செலவும் ஏனையவையும்' என்ற தலைப்பின் கீழ் வருகிறது. அதே ஆண்டில் கார்னிவல் நிறுவனத்தின் மொத்த வருமானம் சுமார் 2,160 கோடி டொலர். அங்கே இந்தத் தலைப்பின் கீழ் வந்தது சுமார் 750 கோடி. அதாவது ஒருவர் டிக்கெட்டுக்கு 100 டொலர் கொடுத்தால், அதற்கு மேல் 45 முதல் 53 டொலர் வரை வேறு வழிகளில் கப்பல் கம்பனிக்குப் போய்ச் சேருகிறது. இந்தத் தொகைக்குள் மதுவும் சூதாட்டமும் பெரிய பங்கு என்பதால் எமது குடும்பங்களுக்கு அது குறையும். ஆனாலும் சைபராகாது. டிக்கெட்டின் சந்தை விலையை ஏஜென்டிடம் கேட்டு, அதில் நாலிலொரு பங்கையாவது கப்பல் செலவுக்கு ஒதுக்குங்கள் என்பது என் கணிப்பு. டிக்கெட்டை யார் வாங்கிக் கொடுத்தாலும் அந்தப் பங்கு உங்கள் பொக்கெட்டிலிருந்துதான் போகும்.

கப்பலில் காசுத் தாளுக்கு வேலையில்லை. ஏறும்போது உங்கள் கடனட்டையைப் பதிந்துகொண்டு ஒரு பிளாஸ்டிக் கார்டைத் தருவார்கள். அறைக் கதவும் அதில்தான் திறக்கும், ஐஸ்கிரீமும் அதில்தான் வாங்கலாம். புறக்கோட்டையில் ஐயாயிரம் ரூபாத் தாளை நீட்டும்போது மனதில் ஒரு குத்து விழுமே, அது கார்டை நீட்டும்போது விழாது. கடனுக்குக் கொப்பியில் எழுதும் வாடிக்கையாளர் காசுக்கு வாங்குபவரை விடக் கூடுதலாக வாங்குவார் என்பது எமக்கெல்லாம் தெரிந்ததுதானே. கப்பலில் அந்தக் கொப்பி வாடிக்கையாளர் நாம்தான்.

இனி, தப்பவே முடியாத செலவு. சேவைக் கட்டணம், அதாவது டிப்ஸ். இது ஆளுக்கு, நாளுக்கு என்று தானாகவே கணக்கில் ஏறும். ரோயல் கரீபியனில் சாதாரண அறைக்கு இது 2023 நவம்பரில் 18 டொலராக்கப்பட்டது. கார்னிவலில் அதே ஆண்டு ஏப்ரலில் 16 டொலரானது. பிறகும் இவை ஏறும் பக்கமே தவிர இறங்கும் பக்கமில்லை. பிள்ளைகளுக்கும் இதே தொகைதான். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நான்கு இரவுகள், தலைக்கு 18 வீதம் போட்டால் 288 டொலர். டொலரை 300 ரூபா என்று வைத்தால் 86,400 ரூபா. ஒரு கோலாகூடக் குடிப்பதற்கு முன் வரும் பில் இது. கம்பனி கொடுத்த பயணமென்றால் முதல் கேள்வி இதுவாகவே இருக்கட்டும்: "டிப்ஸும் நீங்கள் கட்டுகிறீர்களா?" எழுத்தில் பதில் வாங்குங்கள். விற்பனைப் பிரதிநிதியின் வாய்ச்சொல்லை நம்பிப் போய்விட வேண்டாம்.

பல கப்பல்களில் வரவேற்புப் பீடத்துக்குப் போய் இந்தத் தொகையைக் குறைக்கும்படி கேட்கலாம் என்று சிலர் ரகசியம் சொல்வார்கள். கேட்கலாம்தான், ஆனால் கேட்க வேண்டாம் என்பேன். அந்தப் பணம் அறை சுத்தம் செய்பவருக்கும் சாப்பாட்டு மேசையில் நிற்பவருக்கும் பங்காகப் போகிறது. பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா ஆகிய நாடுகளின் பிள்ளைகள், வீட்டை விட்டு மாதக்கணக்கில் கடலில் இருப்பவர்கள். வெளிநாட்டுச் சம்பளத்தில் அடுப்பெரியும் வீடுகள் எமது ஊர்களிலும் எத்தனை! மிச்சம் பிடிக்க வேறு எத்தனையோ இடங்கள் இருக்கின்றன.

அதில் முதலிடம் குடிபானத்துக்கு. தண்ணீர், தேநீர், சாதாரண கோப்பி, காலைச் சாப்பாட்டோடு ஜூஸ் ஆகியன பொதுச் சாப்பாட்டு மண்டபத்தில் இலவசம். டின் கோலா, போத்தல் தண்ணீர், கப்புச்சினோ, அப்போதே பிழியும் பழரசம் எல்லாம் காசுக்கு. அந்தக் காசின் மேல் இன்னும் 18 முதல் 20 வீதம் வரை சேவைக் கட்டணம் தானாக ஏறும். விலைப் பலகையில் 4 டொலர் என்றிருக்கும் கோலா, 18 வீதத்தோடு 4 டொலர் 72 சதம். எமது கணக்கில் 1,400 ரூபாவுக்கு மேல். இரண்டு பிள்ளைகள் நாளுக்கு இரண்டு தடவை கேட்டால் நான்கு நாளில் 22,000 ரூபாவைத் தாண்டும்.

இதற்குத்தான் பானப் பக்கேஜ் விற்கிறார்கள். இங்கே எமது ஆட்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நாளொன்றுக்குப் பெரும் தொகை கேட்கும் பிரதான பக்கேஜ் மதுவையும் சேர்த்தது, நமக்கு வேலையற்றது. மதுவில்லாத பக்கேஜ் தனியாக, அதைவிடப் பல மடங்கு மலிவாக இருக்கும். விற்பவர் அதை முதலில் காட்டமாட்டார். கேட்டால்தான் வரும். அதையும் வாங்குமுன் ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை குடித்தால் முதல் தேறும் என்று வகுத்துப் பாருங்கள். வேண்டுமென்று தீர்மானித்தால் பயணத்துக்கு முன்னரே இணையத்தில் வாங்குங்கள், கப்பலுக்குள் வாங்குவதைவிட விலை குறைவாகக் கிடைப்பதுண்டு.

ஹலால் சாப்பாட்டு விடயத்தை ஏஜென்டிடம் முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும். ஜென்டிங் ட்ரீம் போன்ற கப்பல்கள் இதில் பெயர் பெற்றவை. மற்றவற்றில் மீனும் மரக்கறியும்தான் என்ற நிலை வரலாம். பேசித் தீர்க்காமல் ஏறியவர்கள் இரண்டாம் நாளே பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தனிக் கட்டண உணவகத்துக்குப் படியேறுகிறார்கள். அங்கே மேசையில் உட்காருவதற்கே தலைக்குக் கட்டணம். அறைக்குச் சாப்பாடு வரவழைப்பதும் எல்லாக் கப்பலிலும் இலவசமில்லை. ரோயல் கரீபியன் 2017இலிருந்து ஒவ்வொரு ஓர்டருக்கும் 7 டொலர் 95 சதம் அறவிடத் தொடங்கியது, எளிய காலை உணவு மட்டும் விலக்கு.

பிள்ளைகளின் கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. அவர்களுக்கும் தனிக் கார்டு கொடுக்கப்படும். அதே கார்டு வீடியோ விளையாட்டு மண்டபத்து இயந்திரங்களிலும் வேலை செய்யும், பணம் உங்கள் கணக்கில் ஏறும். ஏறிய முதல் மணித்தியாலத்திலேயே வரவேற்புப் பீடத்துக்குச் சென்று பிள்ளைகளின் கார்டில் கொள்வனவை நிறுத்திவிடலாம், அல்லது எல்லை வைக்கலாம். எங்களோடு வந்தவரின் ஆயிரத்து நூறில் நூற்று எண்பது டொலர் இந்த இயந்திரங்களுக்குப் போயிருந்தது. பன்னிரண்டு வயதுப் பையன். அவனைக் குறை சொல்லிப் பயனில்லை.

கப்பல் துறைமுகத்தில் கட்டியிருக்கும்போது அதன் தீர்வையற்ற கடைகள் மூடியிருக்கும். சுங்க விதி அப்படி. ஆகவே கரை தெரியாத நாட்கள்தான் அவர்களுக்குச் சந்தை நாட்கள். நடைபாதையில் மேசை போட்டு, 'அங்குலக் கணக்கில் தங்கம்' என்று சங்கிலிச் சுருளை வெட்டி விற்பார்கள். பெண்கள் கூட்டம் மொய்க்கும். அது தங்க முலாம் பூசிய சங்கிலி, தங்கமல்ல. செட்டியார் தெருவைக் கரைத்துக் குடித்த எமது பெண்களே இதற்கு ஏமாறினால் யாரிடம் சொல்வது? புகைப்படக்காரர்களும் அப்படித்தான். ஏறும்போது, சாப்பிடும்போது, இறங்கும்போது எடுத்துக்கொண்டே இருப்பார்கள். எடுப்பது இலவசம், பிரதிதான் காசு. சிரித்துவிட்டு நடந்துவிடலாம்.

கரையில் இறங்கும் சுற்றுலாக்களைக் கப்பலே விற்கும். எல்லா இடத்திலும் அது தேவையில்லை. பினாங்கில் கப்பல் கட்டும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜோர்ஜ் டவுனின் வாசலிலேயே இருக்கிறது. இறங்கி நடந்தாலே பழைய கடைத்தெருக்களும், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், லிட்டில் இந்தியாவும். அங்கே சுற்றுலா பஸ்ஸுக்குக் கொடுக்கும் பணம் வீண். போர்ட் கிளாங் வேறு கதை. கோலாலம்பூர் அங்கிருந்து 40 கிலோ மீட்டருக்கு மேல், வாகன நெரிசலும் சேர்ந்தால் திரும்பும் நேரத்தை யாரும் உறுதி சொல்ல முடியாது. கப்பலின் சொந்தச் சுற்றுலா பிந்தினால் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் பிடித்த வேன் பிந்தினால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு விமான டிக்கெட் எடுக்கும் செலவோடு ஒப்பிட்டால், தூர இடங்களுக்குக் கப்பல் சுற்றுலா மலிவுதான்.

வியாபாரிக்கு முக்கியமானது தொலைபேசி. கப்பல் கடலுக்குள் போனதும் உங்கள் போன் கப்பலின் சொந்த வலையமைப்பைப் பிடித்துக்கொள்ளும். அதன் ரோமிங் கட்டணம் தரையில் உள்ளது போலல்ல, நிமிடக் கணக்கில் உரித்துவிடும். ஆகவே ஏறியதும் விமான நிலையில் போடுங்கள், குடும்பத்தார் அனைவரின் போனையும். இணைய பக்கேஜ் கருவியொன்றுக்கு நாளொன்றுக்கு 20 டொலருக்கு மேல் போவது சாதாரணம். நால்வருக்கும் வாங்க வேண்டியதில்லை. ஒன்று வாங்கி, ஒரு போனிலிருந்து வெளியேறி மற்றதில் நுழையலாம். சிக்கனம் என்று அந்த ஒன்றையும் தவிர்ப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். கடையில் செக் வந்து நிற்கும், வங்கி முகாமையாளர் பிற்பகல் மூன்று மணிக்குள் பதில் கேட்பார். எண்பது டொலரை மிச்சப்படுத்தி ஒரு செக் திரும்பினால், அந்தப் பெயரை எத்தனை டொலர் கொடுத்து மீட்பது? இந்த ஒரு செலவைக் குடும்பச் செலவில் எழுதாமல் கடைச் செலவில் எழுதலாம்.

பணத்தை எப்படிக் கட்டுவது? நான் செய்ததைச் சொல்கிறேன். கடனட்டையைப் பதியாமல், வங்கியில் கடவுச்சீட்டும் டிக்கெட்டும் காட்டி வாங்கிய டொலரிலிருந்து 600ஐக் கப்பல் கணக்கில் ரொக்கமாக வைப்பிலிட்டேன். பெரிய கப்பல் கம்பனிகள் பல இதற்கு இடமளிக்கின்றன. அது தீர்ந்தால் கார்டு வேலை செய்யாது, மிஞ்சினால் கடைசியில் திருப்பித் தருவார்கள். எனக்கு 70 டொலர் சொச்சம் மிஞ்சியது. டெபிட் கார்டைப் பதிவது நல்லதல்ல. உத்தேசத் தொகையொன்றை முன்கூட்டியே முடக்கி வைப்பார்கள், பயணம் முடிந்தும் அது விடுபடச் சில நாட்கள் செல்லும். அத்தனை நாளும் உங்கள் சொந்தப் பணம் உங்களுக்கு உதவாது.

கடனட்டைதான் என்றால் இரண்டு விடயம். வெளிநாட்டு நாணயக் கொடுப்பனவுக்கு உங்கள் வங்கி மேலதிகமாக எத்தனை வீதம் சேர்க்கிறது என்று போகுமுன் கேளுங்கள். அத்துடன் ரூபாக் கணக்கு, நீங்கள் கார்டை நீட்டிய நாளின் விலையிலல்ல, வங்கிக்குப் பதிவு வந்து சேரும் நாளின் விலையில் போடப்படும். 2022 மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் இரண்டே மாதத்தில் 360ஐத் தொட்டதை யார் மறந்தோம்? அதே ஆண்டில் கடனட்டை வட்டி 30 வீதத்தைத் தாண்டியதும் நினைவிருக்கும். வட்டி எமக்கு ஆகாது என்பது ஒரு பக்கம், உல்லாசப் பயணத்தின் பில்லை அடுத்த மாதத்துக்குத் தள்ளும் வியாபாரி மூலதனத்தில் கை வைக்கிறார் என்பது மறுபக்கம். முழுத் தொகையும் தவணைத் திகதிக்கு முன் கட்டும் அளவுக்குத்தான் கார்டு.

கணக்கை நாளாந்தம் இரவில் பார்க்கலாம், அறைத் தொலைக்காட்சியில் அல்லது போன் செயலியில். கடைசி நாள் காலையில் வரவேற்புப் பீடத்தின் முன் வரிசை படிக்கட்டு வரை நிற்கும், எல்லோருக்கும் விமானம் பிடிக்கும் அவசரம். ஆகவே அதற்கு முந்திய மாலையே போங்கள். எங்கள் குழுவில் ஒருவருக்கு, வாங்காத இரண்டு புகைப்படங்கள் பில்லில் ஏறியிருந்தன. முந்திய மாலையே போனதால் ஐந்து நிமிடத்தில் வெட்டிக் கொடுத்தார்கள். இறங்கிய பிறகு என்றால் மின்னஞ்சல்தான், வாரக்கணக்கு. இறுதிப் பில்லை ஊர் வந்தும் வீச வேண்டாம், வங்கிக் கூற்று வரும்வரை வைத்திருந்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள்.