தவறு அவருடையது, செலவு நம்முடையதா?

சிவப்பு விளக்கில் நிற்கும் காரின் மீது பின்னால் வரும் கார் மோதுகிறது. தவறு யாருடையது என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. இடித்தவரே இறங்கி வந்து மன்னிப்புக் கேட்கிறார். "இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்" என்று சொல்லி இருவரும் கலைகிறார்கள். ஆனால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் நசுங்கிய பம்பரையும் பின்கதவையும்தான். இழுவை வண்டிக்குக் கொடுத்த பணம், கார் பட்டறையில் கிடந்த நாட்களில் கிராப்புக்குப் போன பணம், கழுத்து வலிக்குக் கிளினிக்கில் கட்டியது, போலீஸ் நிலையத்துக்கு அலைந்ததில் இழந்த அரைநாள் சம்பளம் ஆகியவை யார் கணக்கிலும் ஏறாமல் போய்விடுகின்றன. 2023இல் மலேசியச் சாலைகளில் ஏறத்தாழ 6 லட்சம் விபத்துகள் பதிவாயின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை உயிர்ச்சேதம் இல்லாத, வாகனம் மட்டும் சேதமான விபத்துகளே. அவை ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் தன் சட்டைப்பையிலிருந்து சில நூறு வெள்ளியைக் கொடுத்துவிட்டு மறந்திருப்பார். அந்தச் சில நூறு வெள்ளி அவர் தலைவிதி அல்ல, இடித்த தரப்பு திருப்பித் தரவேண்டிய கடன். அதை யாரும் தேடிவந்து தரமாட்டார்கள் என்பதால், கார் பழுதுக்கான கிளேமிலிருந்து பிரித்துத் தனியாகக் கேட்டாக வேண்டும்.

இந்த உரிமை எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். ஒருவரின் கவனக்குறைவால் இன்னொருவருக்கு நட்டம் வந்தால், விபத்துக்கு முன் அவர் இருந்த நிலைக்குப் பணத்தால் எவ்வளவு தூரம் கொண்டுபோக முடியுமோ அவ்வளவு தூரம் கொண்டுபோய் நிறுத்தவேண்டும் என்பது நம் நீதிமன்றங்கள் பின்பற்றும் பழைய பொதுச்சட்டக் கொள்கை. அதில் பம்பருக்கு ஒரு சட்டம், டாக்சிக் கட்டணத்துக்கு வேறு சட்டம் என்று கிடையாது. வலி, வேதனை போன்றவற்றுக்கு நீதிபதி ஒரு தொகையை மதிப்பிட்டுத் தருவார். கையிலிருந்து போன பணமோ சிறப்பு இழப்பீடு என்ற வகையில் சேரும். அதற்கு மதிப்பீடு கிடையாது, வெள்ளி காசாக நிரூபிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்குச் சாதகமும் பாதகமும் இந்த ஒரே விதியில்தான் இருக்கின்றன. நிரூபித்துவிட்டால் அந்தத் தொகையைக் குறைப்பது எளிதல்ல. நிரூபிக்காவிட்டால் உண்மையிலேயே செலவழித்திருந்தாலும் ஒரு காசு வராது.

நடைமுறையில் நம்மை இந்தப் பணத்திலிருந்து திசைதிருப்புவது, நமக்கு நன்மை செய்வதற்காகவே வந்த ஓர் ஏற்பாடு. முழுக் காப்புறுதி எடுத்த தனியார் கார் உரிமையாளர், தவறு தன்மீது இல்லாதபோது தன் சொந்தக் காப்புறுதி நிறுவனத்திடமே பழுதுச் செலவைக் கோரலாம். இதை 'நாக் ஃபார் நாக்' கிளேம் என்பார்கள். இதனால் கிளேம் போடாததற்குப் பிரீமியத்தில் கிடைக்கும் 'என்சிடி' கழிவு குறையாது. முதல் ஆண்டுக்குப் பின் 25 விழுக்காட்டில் தொடங்கி 55 விழுக்காடு வரை ஏறும் அந்தக் கழிவைக் காப்பாற்றிக்கொண்டு காரைச் சீக்கிரம் பழுதுபார்க்கலாம் என்பதால் பட்டறைக்காரரும் முகவரும் இதையே பரிந்துரைப்பார்கள். பரிந்துரை சரியானதுதான். ஆனால் அங்கே கிடைப்பது பாலிசியில் எழுதியிருப்பது மட்டுமே. பெயர் குறிப்பிடப்படாத ஓட்டுநர் ஓட்டியிருந்தால் பிடிக்கக்கூடிய 400 வெள்ளி 'எக்செஸ்' (உரிமையாளரே ஏற்கவேண்டிய தொகை), கார் இல்லாத நாட்களின் செலவு, அலைச்சல் ஆகியவை அந்தக் கோப்புக்கு வெளியே நிற்கின்றன. காரை எடுத்துக்கொண்டு வீடு திரும்பும்போது விவகாரம் முடிந்துவிட்டதாக நினைக்கிறோம். உண்மையில் இடித்தவரின் காப்புறுதி நிறுவனத்துக்கு எதிரான இரண்டாவது கோப்பை நாம் இன்னும் திறக்கவே இல்லை.

அந்த இரண்டாவது கோப்பின் முதல் வரி, கார் இல்லாத நாட்களுக்கான இழப்பீடு. 'கார்ட்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இதற்கு நாட்டில் ஒரு நிலையான அட்டவணை வழக்கத்தில் உள்ளது: 1,500 சிசி வரையிலான காருக்கு ஒரு நாளைக்கு 30 வெள்ளி, 2,000 சிசி வரை 40 வெள்ளி, அதற்கு மேல் 50 வெள்ளி. நாட்களை எண்ணுவது நீங்களோ பட்டறைக்காரரோ அல்ல, சேதத்தைப் பார்வையிடும் அட்ஜஸ்டர். ஒரு மைவி காரைப் பழுதுபார்க்க 8 நாள் தேவை என்று அவர் எழுதினால் கிடைப்பது 240 வெள்ளி. தவிர்க்க முடியாத தாமதத்துக்குக் கூடுதலாக 7 வேலைநாள் வரை சேர்க்க வழியுண்டு. உதிரிபாகத்துக்குக் காத்து அதே கார் 3 வாரம் பட்டறையில் கிடந்தாலும் கணக்கு அதோடு முடிந்துவிடும்.

எல்லாருக்கும் ஒரே தொகை என்பது நியாயம்போலத் தோன்றும். ஆனால் பிரிக்பீல்ட்ஸ்வாசிக்கு வாசலிலேயே கேஎல் சென்ட்ரல் இருக்கிறது. கிள்ளானில் கொம்யூட்டர் ரயில் ஓடுகிறது. டெங்கிலில் ரயில் நிலையமே இல்லை. விமான நிலைய ரயிலைப் பிடிக்க சைபர்ஜெயா பக்கமோ சாலாக் திங்கிக்கோ போகவேண்டும். புத்ராஜெயா எழும்பியபோது பிராங் பெசார் முதலிய தோட்டங்களிலிருந்து இடம்பெயர்ந்து டெங்கில் தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளுக்கு வந்த குடும்பங்களில் பலருக்கு விமான நிலையம், சைபர்ஜெயா, புத்ராஜெயா என்று சுற்றுவட்டாரம் முழுக்க வேலை. விடியற்காலை ஷிப்டுக்குக் கிளம்புகிறவருக்குக் கார் இல்லையென்றால் கிராப்தான். போக வர நாளைக்கு 40 வெள்ளி ஆகிறது என்று வைத்தால், 15 வேலைநாளுக்கு 600 வெள்ளி. அட்ஜஸ்டரின் 240 அதில் பாதிகூட இல்லை. அட்டவணைத் தொகை காப்புறுதி நிறுவனங்கள் சச்சரவில்லாமல் கொடுக்க ஒப்புக்கொண்ட அளவுகோல் மட்டுமே. அதற்கு மேல் போன பணத்தைக் கேட்க ஆதாரமும் காரணமும் வேண்டும்: எந்தத் தேதி, எங்கிருந்து எங்கே, ஏன் வேறு வழியில்லை. கூடவே ஒரு கடமையும் உண்டு. நட்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுத்திருக்க வேண்டும். நண்பரின் காரில் இடமிருந்தும் தினமும் தனியாகக் கிராப் பிடித்தவருக்கு முழுத் தொகை கிடைப்பது கடினம்.

ஆதாரம் என்பது விபத்து நடந்த இடத்திலேயே தொடங்குகிறது. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் 24 மணி நேரத்துக்குள் போலீசில் புகார் செய்யச் சொல்கிறது. "சின்ன இடிதானே, நமக்குள் பேசிக்கொள்வோம்" என்று விட்டவர் பிறகு எந்தக் கதவைத் தட்டினாலும் முதலில் கேட்கப்படுவது அந்தப் புகாரைத்தான். தவறு யார்மீது என்ற போலீஸ் விசாரணை முடிவு, வரைபடம், புகைப்படங்கள் எல்லாம் அதிலிருந்தே பிறக்கின்றன. அவற்றின் நகலுக்குக் கட்டும் கட்டணமும் உங்கள் பட்டியலில் சேரவேண்டிய செலவுதான். விபத்து நடந்த சில நிமிடங்களில் எங்கிருந்தோ வந்து நிற்கும் இழுவை வண்டிகளிடம் இன்னொரு எச்சரிக்கை தேவை. எங்கே கொண்டுபோகிறார்கள், எவ்வளவு என்று எழுத்தில் வாங்காமல் சாவியைக் கொடுத்தால், பிறகு அந்தத் தொகை நியாயமானது என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். வெற்றுப் பாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் கிளேமே உங்கள் கையைவிட்டுப் போய்விடும்.

காயம் ஏற்பட்டிருந்தால் பட்டியல் நீளும், விதி மாறாது. மருந்து, எக்ஸ்ரே, பிசியோதெரபி, மருத்துவமனைக்குப் போய்வந்த எண்ணெய்ச் செலவு, டோல், கார் நிறுத்தக் கட்டணம், வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளம் எல்லாம் கேட்கலாம். மனைவியோ தாயோ வீட்டிலிருந்து பராமரித்ததற்குக்கூட நீதிமன்றங்கள் மதிப்புப் போட்டுத் தந்திருக்கின்றன. அரசு மருத்துவமனை இருக்கும்போது ஏன் தனியார் மருத்துவமனைக்குப் போனீர்கள் என்ற கேள்வி நிச்சயம் வரும். காத்திருக்க முடியாத நிலை, அங்கே கிடைக்காத சிகிச்சை என்பதை மருத்துவரின் கடிதம் சொல்லவேண்டும். மெடிக்கல் கார்டு பணம் கட்டிவிட்டது, இனி என்ன கேட்பது என்று ஒதுங்குகிறவர்களும் உண்டு. காயத்துக்கான இழப்பீட்டைக் கணக்கிடும்போது உங்கள் சொந்தக் காப்புறுதியிலிருந்து வந்த பணத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்று 1956ஆம் ஆண்டின் சிவில் சட்டம் 28ஏ பிரிவு சொல்கிறது. அந்தச் சந்தாவைக் கட்டியது நீங்கள், இடித்தவர் அல்ல. வேலைக்குப் போகும் வழியிலோ திரும்பும் வழியிலோ நடந்த விபத்தென்றால் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான பெர்கேசோவில் வேறு ஒரு கோரிக்கையும் உண்டு என்பதால் முதலாளிக்கு உடனே தெரிவிக்க வேண்டும். காயப்பட்டவரின் கட்டிலருகே வந்து "கிடைப்பதில் இத்தனை விழுக்காடு தந்தால் போதும்" என்று சொல்லும் இடைத்தரகர்களிடம் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். வழக்கறிஞர்கள் வெற்றித்தொகையில் பங்கு பேசுவதையே நம் வழக்கறிஞர் தொழில் சட்டம் தடுக்கிறது.

இதற்கெல்லாம் வரும் முதல் மறுப்பு, 500 வெள்ளிக்காக யார் அலைவது என்பது. அலைச்சல் உண்மைதான். ஆனால் படிகள் நாம் பயப்படுகிற அளவுக்குச் செங்குத்தானவை அல்ல. முதல் படி ஒரே ஒரு கடிதம். செலவுப் பட்டியலும் ரசீது நகல்களும் இணைத்து, இடித்தவருக்கும் அவருடைய காப்புறுதி நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். நிறுவனம் மறுத்தாலோ இழுத்தடித்தாலோ எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தை ஒம்பட்ஸ்மன் சேவைக்குப் போகலாம். 2025 ஜனவரி 1 முதல் இயங்கும் இந்த அமைப்பு பயனீட்டாளரிடம் கட்டணம் வாங்குவதில்லை. மூன்றாம் தரப்பு வாகனச் சேதத் தகராறுகளை 10,000 வெள்ளி வரை விசாரிக்கும். அதுவும் பொருந்தாவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தின் சிறு கோரிக்கை நடைமுறை இருக்கிறது. 5,000 வெள்ளி வரையிலான வழக்கை வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே நடத்தலாம். டெங்கில்வாசிக்கு அந்த நீதிமன்றம் சாலாக் திங்கியிலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் 3,000 சிங்கப்பூர் வெள்ளிக்குக் குறைந்த வாகனச் சேத வழக்குகளை நீதிமன்றத்துக்கு முன் சமரச மையத்துக்கே அனுப்புகிறார்கள். இந்தியாவில் விபத்து இழப்பீட்டுக்கென்றே தனித் தீர்ப்பாயங்கள் உண்டு. நம்மிடம் அப்படி ஒரே வாசல் இல்லாதது குறைதான். அதற்காக இருக்கும் வாசல்களையும் தட்டாமல் விடுவது அந்தக் குறையை நாமே பெரிதாக்குவதாகும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது. ஆளாளுக்கு இப்படிக் கிளேம் போட்டால் எல்லாருடைய பிரீமியமும் ஏறாதா? பொய்க் கிளேம்களால் ஏறும் என்பது உண்மை. ஆனால் ரசீதோடு கேட்கப்படும் உண்மைச் செலவு பொய்க் கிளேமுக்கு நேர் எதிரானது. ஊதிப் பெருக்கிய பட்டறை பில்லை ஒப்புக்கொண்டு, உண்மையான கிராப் கட்டணத்தை விட்டுக்கொடுப்பதால் பிரீமியம் குறையப்போவதில்லை. மூன்றாவது மறுப்பில் நம் சமூகத்தின் மனம் தெரிகிறது. இடித்தவரும் பாவம், நம்மைப்போல் சம்பளத்துக்கு ஓடுகிறவர், அவர் வயிற்றில் அடிப்பதா என்பார்கள். அந்த இரக்கத்தை மதிக்கலாம். ஆனால் காப்புறுதி உள்ளவரிடம் கேட்கும்போது பணம் பொதுவாக வருவது அவர் சட்டைப்பையிலிருந்து அல்ல, இப்படிப்பட்ட நாளுக்காகவே அவர் ஆண்டுதோறும் சந்தா கட்டிவரும் நிறுவனத்திலிருந்து. நாம் கேட்காமல் விட்டால் மிச்சப்படுவது அவருக்கல்ல, அந்த நிறுவனத்துக்கு.

இந்த வாதத்துக்கு எல்லைகளும் உண்டு. கார் 5 வயதை எட்டியிருந்தால் பழைய பாகத்துக்குப் பதில் புதிய பாகம் போடும்போது 15 விழுக்காடும், 10 வயதென்றால் 40 விழுக்காடும் உரிமையாளர் தலையில் வைக்கப்படலாம். பழையதுக்குப் புதியது கிடைத்துவிட்டதே என்று எதிர்த்தரப்பு சொல்லும் என்பதால் அந்தப் பணத்தை மீட்பது கடினம். அதற்கு விலக்குத் தரும் கூடுதல் பாதுகாப்பைப் பாலிசி புதுப்பிக்கும்போதே வாங்குவதுதான் வழி. இடித்தவரிடம் காப்புறுதியே இல்லை, அல்லது இடித்துவிட்டு ஓடிவிட்டார் என்றால் வாகனச் சேதத்துக்குக் கேட்க எதிர்த்தரப்புக் காப்புறுதி நிறுவனம் எதுவும் இல்லை. மோட்டார் காப்புறுதி நிறுவனங்களின் கூட்டமைப்பு உயிரிழப்புக்கும் காயத்துக்கும்தான் கைகொடுக்கும். ஆனால் இவை விதிவிலக்குகள். காப்புறுதி உள்ள ஒருவர் தெளிவாகத் தவறு செய்த எத்தனையோ சாதாரண மோதல்களில் பணம் திரும்பாததற்குக் காரணம் சட்டத்தின் கஞ்சத்தனம் அல்ல, கேட்பவர் கையில் காகிதம் இல்லாததே.

ஆகவே வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். விபத்து நடந்த அன்றே ஓர் உறையை எடுத்து, கார் எண்ணையும் தேதியையும் மேலே எழுதிவையுங்கள். கிராப் ரசீது மின்னஞ்சலில் இருக்கும், டச் அண்ட் கோ செலவுப் பட்டியலைப் பதிவிறக்கிக்கொள்ளலாம், கிளினிக் ரசீதையும் மருத்துவ விடுப்புச் சீட்டையும் உறையில் போடுங்கள். தீபகற்ப மலேசியாவில் கவனக்குறைவுக்கு வழக்குத் தொடுக்க 6 ஆண்டு அவகாசம் உண்டு. எண்ணெய் நிலையத்திலும் கார் நிறுத்துமிடத்திலும் தரும் வழுவழுத் தாள் ரசீதோ, வெயிலில் டேஷ்போர்டு மேல் கிடந்தால் சில மாதங்களிலேயே எழுத்து மறைந்து வெள்ளையாகிவிடும். கையில் வாங்கியதும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.