பெட்டிமுடிக்கு ஒரு கேன் மெத்தனால்

2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்ட லயங்களை மூடியது. தூங்கிக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்களில் 70 பேர் மாண்டார்கள். கரண்ட் இல்லை, சிக்னல் இல்லை. வெளியே தெரிய மறுநாள் காலை ஆனது. அடைமழையில் இடுக்கி மலைகளிலுள்ள செல்போன் கோபுரங்களுக்கு டீசல் ஏற்றுவது பெரும்பாடு. மெத்தனாலில் ஓடும் எரிபொருள் மின்கலன் பொருந்துகிற இடம் இதுதான்.

மின்கலனுக்கு வேண்டிய ஹைட்ரஜனைச் சிலிண்டரில் அடைத்து மலையேற்றினால் கனம் சிலிண்டருக்கு, சரக்கோ கொஞ்சம். மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கினாலும் லிட்டருக்கு 71 கிராம்தான். மெத்தனாலைக் கேனில் ஊற்றி ஜீப்பில் போட்டுக்கொண்டு போகலாம். ஒரு லிட்டரோடு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் சேர்த்து ஆவியாக்கி, 250 டிகிரி வாக்கில் வினையூக்கியின் மேல் விட்டால், கணக்குப்படி சுமார் 150 கிராம் ஹைட்ரஜன். அதில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் கொடுத்தது!

வினையூக்கி என்பது செம்பு, துத்தநாக ஆக்சைடு, அலுமினா சேர்ந்த சின்னக் குளிகை. விலை மலிவு, ஆனால் 300 டிகிரியைத் தாண்டினால் செம்புத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு வீரியம் போய்விடும். கூடவே கொஞ்சம் கார்பன் மோனாக்சைடும் வரும். அது மின்கலனின் பிளாட்டினத்தில் ஒட்டிக்கொண்டால் ஹைட்ரஜனுக்கு உட்கார இடமிருக்காது. சாதாரண மின்கலனுக்குப் பத்து லட்சத்தில் 10 பங்கைத் தாண்டினாலே தொல்லை. 160 டிகிரியில் இயங்கும் ரகம் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு வரை பொறுத்துக்கொள்ளும்.

குவஹாத்தி ஐஐடி வேதியியலாளர்கள் வேறு வழி கண்டிருக்கிறார்கள். உலோக அணுவைக் கிடுக்கிபோல் கவ்வும் 'பின்சர்' வினையூக்கி, 100 டிகிரியிலேயே வேலை செய்கிறது. ஹைட்ரஜனோடு வழக்கமாக வரும் கரியமில வாயுவுக்குப் பதில் ஃபார்மிக் ஆசிட் தருகிறது. கேரளத்தில் ரப்பர் பாலை உறைய வைக்கிற அதே ஆசிட்தான். ஹைட்ரஜன் மூன்றுக்கு இரண்டுதான் கிடைக்கும் என்றாலும் எனக்கு இது நல்ல பேரமாகவே படுகிறது.

இன்று மெத்தனால் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும்தான் வருகிறது. அது மாறும்வரை 'தூய்மை' என்பது பாதி உண்மை. மாற்றத்தின் தொடக்கமாக, தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் 750 கன மீட்டர் பசுமை மெத்தனால் நிரப்பு நிலையத்துக்கு 2025 செப்டம்பரில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள்.

ஆனால் மெத்தனால் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது 2024 கள்ளக்குறிச்சிக் கள்ளச்சாராயச் சாவுகள். ஸ்பிரிட் கடத்தலுக்குப் பேர்போன பாலக்காட்டு வாளையாறு சோதனைச்சாவடியில் அந்தக் கேனை எளிதில் விடமாட்டார்கள், விடவும் கூடாது. பூட்டிச் சீல் வைத்த டேங்கில், கணக்கு எழுதி, இரண்டு மலைக் கோபுரங்களிலாவது அடுத்த மழைக்கு முன் வைத்துப் பார்க்கக் கேரள அரசு அனுமதிக்க வேண்டும்.