எண்ணையும் பாருங்கோ, வயிற்றையும் தொடுங்கோ

"மிஸ்ஸி, வயிறு வெடிக்கப்போகுது" என்று அந்த ஐயா முனகியபோது சலப்பை ஸ்கான் மெசினில் 140 மில்லிலீற்றர் என்று நின்றது. விசுவமடுப் பக்கத்து விவசாயி அவர். ஹேர்னியா ஒப்பரேசன் முடிந்து எட்டு மணித்தியாலமாகியும் ஒரு சொட்டுச் சலம் போகவில்லை. எண்ணை மட்டும் நம்பியிருந்தால் "கொஞ்சம் பொறுங்கோ ஐயா" என்றுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பேன். அடிவயிற்றில் கைவைத்தேன். தொப்புளுக்குக் கிட்டவரை பந்துபோல் திரண்டு இறுகியிருந்தது. ஜெல்லைக் கூடப் பூசி, கருவியைச் சரித்துப் பிடித்து மறுபடி பார்த்தேன்: 690. கதீற்றர் போட்டோம். அளவுச்சாடியில் 750 வந்தது.

முதல்முறை நான் பிடித்த கோணம் பிழை. மெசின் சலத்தை அளப்பதில்லை. ஒலி அலைகள் திரும்பி வருவதை வைத்துச் சலப்பையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கணித்துப் பெருக்கி, பிறகு 0.52ஆல் பெருக்குகிறது. சலப்பை முட்டை வடிவம் என்ற ஊகம் அது. 10, 9, 8 சென்ரிமீற்றர் என்றால் 374 மில்லிலீற்றர். ஒவ்வொன்றிலும் ஒரு சென்ரிமீற்றர் குறைந்தால் 262தான். அவ்வளவு நுண்மையான கணக்கு.

இன்னொரு ஏமாற்றும் உண்டு. ஈரல் பழுதாகி வயிற்றில் நீர் கட்டியவர்களிடம் மெசின் அந்த நீரையே சலம் என்று காட்டக்கூடும். சூலகக் கட்டியும் அப்படித்தான்.

ஆனாலும் இந்த மெசினை நான் விடமாட்டேன். சும்மா சும்மா கதீற்றர் போட்டால் கிருமி ஏறும். கதீற்றர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் அந்த ஆபத்துக் கூடும். சலம் போனபிறகு மிச்சம் 50க்குக் கீழ் என்றால் நிம்மதி. 300க்கு மேல் என்றால் யோசிக்கவேண்டும். இந்த இரண்டு கரையிலும் கொஞ்சம் முன்பின் இருந்தாலும் முடிவு மாறாது. நடுவில் வரும் எண்களைத்தான் இரண்டு மூன்று தரம் அளக்கவேண்டும்.

போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் எங்கள் மண்ணில் நிறையப்பேர். சலப்பை நிரம்புவது அவர்களில் பலருக்குத் தெரியாது. மேல்முதுகில் காயப்பட்டவருக்கு நிரம்பிய சலப்பையே இரத்த அழுத்தத்தைத் திடீரென ஏற்றி, தலையிடியும் வியர்வையும் கொண்டுவரும், உயிருக்கே ஆபத்தாகலாம். 1972இல் அமெரிக்க மருத்துவர் ஜாக் லபிடெஸ் நிலைநாட்டிய முறைப்படி, சுத்தமான குழாயால் நாலைந்து மணித்தியாலத்துக்கு ஒருக்கால் தாங்களே சலம் எடுப்பவர்கள் இவர்கள். சாடியில் வந்த அளவைக் கொப்பியில் எழுதிவைக்கும் தம்பி ஒருவரின் கொப்பியைத்தான் நான் மெசினைவிட நம்புவேன்.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த ஸ்கான் செய்யும்போது, கடைசியாய்ச் சலம் போன நேரத்தையும் வயிற்றில் முந்திச் செய்த ஒப்பரேசனையும் சொல்லுங்கோ. எண் குறைவாய் வந்தும் அவர் நோவில் துடித்தால், "மிஸ்ஸி, இன்னொருக்கால் அளந்து பாருங்கோ" என்று கேளுங்கோ. நாங்கள் கோபிக்கமாட்டோம்.